மாற்று கோல்கீப்பரின் அம்மா

போன ஞாயிறு சாயங்காலம் எங்கள் ஹாலில் நிற்கக்கூட இடமில்லை. தெருவே வந்து உட்கார்ந்திருந்தது. நான் டீ போட்டு, டம்ளர் கழுவி, மறுபடியும் டீ போட்டு... இடுப்பு கழன்றுவிட்டது. என்ன விசேஷம் என்கிறீர்களா? ஹாக்கி!

குன்னூரில் மேட்டுத் தெரு எங்களுடையது. கிரிக்கெட்டுக்குக்கூட இங்கே இப்படிக் கூட்டம் சேர்ந்ததில்லை. ஆனால் இந்த சர்வதேசப் போட்டியில் இந்திய அணியின் மாற்று கோல்கீப்பர், பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவின் மகன் ஜெரோம். இங்கே பக்கத்திலிருக்கிற வெலிங்டன் மைதானத்தில் விழுந்து புரண்டு வளர்ந்தவன். டிவியில் வருகிறான் என்றால் சும்மாவா?

மாற்று கோல்கீப்பருக்கு என்ன வேலை தெரியுமா? உட்கார்ந்திருப்பது! ஹாக்கியில் மற்றவர்கள் போவதும் வருவதுமாக இருப்பார்கள். கோல்கீப்பரை மட்டும் லேசில் மாற்ற மாட்டார்கள். ஆகவே போட்டி முழுக்க நாங்கள் பார்த்தது பந்தை அல்ல, பெஞ்சை. கேமரா அந்தப் பக்கம் திரும்பினால் போதும், ஹால் அதிரும்.

“அதா, தண்ணி பாட்டில் எடுத்துக் குடுக்கறான் பாருங்!” என்பார் மேல்வீட்டு பெள்ளி அண்ணன். அதற்கும் ஒரு கைதட்டல்.

ஸ்டெல்லா மட்டும் கைதட்ட மாட்டாள். வெலிங்டனில் ராணுவ ஆபீசில் வேலை பார்க்கிறாள், அதிகம் பேசாதவள். அவள் வீட்டுக்காரர் மகன் ஆடுவதை நேரில் பார்க்க ரயிலேறி வடக்கே போய்விட்டார். நீயும் போயிருக்கலாமே என்று கேட்டேன்.

“ரெண்டு பேரும் போயிட்டா தண்ணி ஆரு புடிக்கறதுக்கா?”

வெளியூர்க்காரர்கள் சிரிப்பீர்கள். எங்கள் தெருவில் யாரும் சிரிக்க மாட்டார்கள். மழை உண்டு, மிஸ்ட் என்கிற மூடுபனி உண்டு... தெருக்குழாயில்தான் ஒன்றும் வராது. தண்ணீர் இந்த மேடேறி வருவது என்றைக்கு, எந்த நேரத்தில் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் கொஞ்ச நேரம். அதற்குள் பிடித்தால் உண்டு. விட்டால் தண்ணி வேன்காரரிடம் கெஞ்சி வாங்க வேண்டியதுதான். கல்யாணமா, கருமாதியா, எல்லாம் அப்புறம்.

இதில் கொடுமை என்னவென்றால், இடைவேளையில் அந்தப் பச்சை மைதானத்துக்குப் பீய்ச்சிப் பீய்ச்சித் தண்ணீர் அடித்தார்கள். ஈரமாக இருந்தால்தான் பந்து ஒழுங்காக ஓடுமாம். ஹாலில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் “அடப் பாவிகளா!” என்றோம். நாட்டுப்பற்று அந்த நிமிஷத்துக்குக் கொஞ்சம் லீவில் போய்விட்டது.

ஆட்டம் சமனில் முடிந்தது. அடுத்து ஷூட்-அவுட். எதிரணிக்காரர் பந்தோடு தனியாக ஓடி வருவார், கோல்கீப்பர் தனியாக நிற்பார். எட்டு விநாடிக்குள் அவர் கோல் போட வேண்டும், இவர் தடுக்க வேண்டும். தோற்ற அணி மூட்டை கட்ட வேண்டியதுதான்.

“கீப்பரை மாத்தறாங்!” என்று பெள்ளி அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார். “நம்ம பையன்! நம்ம பையன் எறங்கறான்!”

ஜெரோம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கோலை நோக்கி நடந்தான். சரியாக அந்த நேரம் பார்த்துக் கீழே தெருமுனையிலிருந்து ஒரு குரல்.

“தண்ணி வந்துருச்ச்ச்சு!”

ஒருவரும் அசையவில்லை. நானும்தான். எங்கள் தெரு சரித்திரத்திலேயே முதல்முறை. ஸ்டெல்லா மட்டும் எழுந்தாள்.

“ஏய், உம் மகன் நிக்கறான் அங்கே! எங்கே போறே?” என்றேன்.

“நீங்க பாருங்க்கா. இது போச்சுன்னா அப்புறம் எப்ப வருமோ.”

ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். எனக்கு ஆத்திரம். இப்படியும் ஒரு அம்மாவா? போகும்போது டிவி பக்கம் ஒரு தடவைகூட அவள் திரும்பாதது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. தண்ணீர் ஒரு சாக்கு. அவளால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஜெரோம் முதல் பந்தைத் தடுத்தான். ஹால் கூரை பிய்ந்தது. இன்னொன்றையும் தடுத்தான். பெள்ளி அண்ணன் என் வீட்டுக்காரரைத் தூக்கியே விட்டார். ஆனால் நம்மவர்களும் கோட்டை விட்டார்கள். கடைசியாக வந்த ஆள் இப்படிப் போவதுபோல் பாவ்லா காட்டி அப்படித் திரும்பினான். பந்து ஜெரோமின் கால்களுக்கு இடையில் மெதுவாக உருண்டு உள்ளே போனது.

முடிந்தது.

யாரோ டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள்...

“காலை ஒட்டி வச்சிருக்கோணும்.”

“பழைய கீப்பரையே விட்டிருக்கலாமுங்க.”

“அவசரப்பட்டுட்டான்.”

இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் நம்ம பையன். இப்போது ‘அவன்’. சோபாவில் சாய்ந்துகொண்டு தீர்ப்பு சொல்வது எவ்வளவு சுலபம்! எனக்கு அலுத்துவிட்டது. ஊரைச் சொல்வானேன், நானே ‘ச்சே’ என்றுதானே தொடை தட்டினேன்?

வெளியே வந்தால் தெருவிலிருந்த தண்ணி டிரம் அத்தனையும் நிரம்பி நிற்கிறது. என்னுடையது, பெள்ளி அண்ணனுடையது, எல்லாம். ஸ்டெல்லா தொப்பலாக நனைந்திருந்தாள். யார் சொல்வது? ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டோம்.

“தோத்துட்டாங்களா?” என்றாள் அவளே. “உங்க சத்தத்தையே காணமே.”

உள்ளே அழைத்து வந்து துண்டு கொடுத்தேன். சுடச்சுட டீ கொடுத்தேன். தொடாமல் உட்கார்ந்திருந்தாள். கூட்டம் நைசாகக் கலைந்தபிறகு அவள் போன் அடித்தது. ஈரக் கையோடு ஸ்பீக்கரைத் தட்டினாள்.

“அம்மா...” ஜெரோம்தான். “பார்த்தீங்களா?”

பார்த்தேன் என்று சொல் என்று நான் ஜாடை காட்டினேன். நல்லா ஆடினே தங்கம் என்று ஒரு வார்த்தை. அதில் என்ன குறைந்துவிடும்?

ஸ்டெல்லாவுக்குப் பொய் வரவில்லை. “இல்ல சாமி. தண்ணி வந்துருச்சு. புடிக்கப் போயிட்டேன்.”

பெற்ற தாய் பார்க்கவில்லை என்றால் அவனுக்கு எப்படி இருக்கும்? போனில் ஒரு நீண்ட மூச்சு கேட்டது. சிரிக்கிறானா, அழுகிறானா தெரியவில்லை.

“நல்ல வேளைம்மா. நீங்களாச்சும் பாக்கல.”

நாங்கள் எல்லோரும் பார்த்துவிட்டோம், ஜெரோம்... மன்னித்துக்கொள்.