சரசு அங்கோர் பார்க்கப் போனது

சந்தாபுராவில் ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் சரசு சூப்பர்வைசராக இருந்தாள். 2001இல் கம்பெனி அவளைக் கம்போடியாவுக்கு அனுப்பியது. தலைநகர் புனோம் பென்னில் திறந்த புதுக் கிளையில், சட்டைக்குக் காலர் வைக்க இரண்டு மாதம் சொல்லித்தர வேண்டும். அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் பக்கத்து வீட்டு முத்தம்மா பார்த்துக்கொண்டாள். முத்தம்மாவும் சரசு மேற்பார்த்த தையல் வரிசையில், அந்த லைனில்தான் தைத்தாள்.

புனோம் பென் பெண்கள் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள். ஆறாவது வாரம் மேனேஜர் உமேஷ் சரசுவைக் கூப்பிட்டார். இனி ஆர்டர் எல்லாம் இங்கேதான், சந்தாபுரா லைனை மூடப்போகிறோம், ஊரில் யாரிடமும் மூச்சு விடாதே, உனக்கு ஹெட் ஆபீசில் இடம் இருக்கிறது என்றார். போவதற்குள் அங்கோர் கோயில்களைப் பார்த்துவிட்டு வா, செலவு கம்பெனியுடையது என்றும் சொன்னார்.

சரசு, "சரி சார்" என்றாள்.

படகில் போக அரை நாள் ஆயிற்று. மரத்தின் வேர்கள் பிளந்த சுவர்களையும், நான்கு பக்கமும் முகம் வைத்த கோபுரங்களையும் பார்த்தாள். தேவர்களும் அசுரர்களும் பாம்பைப் பிடித்துக் கடல் கடையும் சிற்பத்தை அங்கே கண்டதும் வாய்விட்டுச் சிரித்தாள். புத்தருக்கு ஊதுவத்தி ஏற்றினாள். அந்த இரண்டு நாளும் முத்தம்மாவின் நினைப்பே அவளுக்கு வரவில்லை. பிற்பாடு அவளால் தாங்க முடியாமல் போனது அதைத்தான்.

ஊர் திரும்பியதும் முத்தம்மா போட்டோக்களை வாங்கி லைன் முழுக்கக் காட்டினாள். அடுத்த வாரம் ஒரு யோசனை கேட்டாள். பொம்மனஹள்ளியில் வேறு ஃபேக்டரியில் கூப்பிடுகிறார்கள், போகலாமா என்று. சரசு கீழே பார்த்துக்கொண்டு, "உன் இஷ்டம்கா" என்றாள். பழகின இடமே போதும் என்று முத்தம்மா இருந்துவிட்டாள்.

ஒன்றரை மாதத்தில் லைனை மூடினார்கள். பொம்மனஹள்ளி வேலைக்கும் அதற்குள் வேறு ஆள் வந்துவிட்டிருந்தது. மூன்று நாள் சரசு முத்தம்மாவின் கண்ணில் படாமல் போய்வந்தாள். நாலாம் நாள் முத்தம்மா வீட்டு வாசலில் போய் நின்று, எல்லாவற்றையும் சொன்னாள்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த முத்தம்மா நிமிரவில்லை. "நான் வந்து கேட்டேனே, அப்பவும் தெரியுமா?"

"தெரியும்கா."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டேனே, சரசு."

சரசு ஹெட் ஆபீஸ் வேலையை விடவில்லை. முத்தம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலைக்குப் போனாள். குழாயில் தண்ணீர் வந்தால் எப்போதும்போலச் சரசுவுக்குக் குரல் கொடுத்தாள். அவள் பிள்ளைகளிடம் பிரியமாகவே இருந்தாள். சரசுவின் வீட்டுக்குள் மட்டும் வரவில்லை. மூன்று வருடம் கழித்து ஹெட் ஆபீசில் பேக்கிங் வேலை ஒன்று காலியானபோது சரசு ஓடிப்போய்ச் சொன்னாள்.

"வேணாம் சரசு. எனக்கு ஸ்கூலே பழகிடுச்சு" என்றாள் முத்தம்மா.