மஞ்சள் குடம் போன இடம்

சித்தியின் மஞ்சள் பிளாஸ்டிக் குடத்தில் வாய்ப்பக்கம் ஒரு விரிசல் இருந்தது. சோப்பைத் தேய்த்து அடைத்து வைத்திருப்பாள். ஊருக்கு லாரியில் வரும் குடிதண்ணீரில் தன் பங்கில் பாதியை அந்தக் குடத்தில்தான் உச்சி வெயிலில் பிஞ்சைக்குச் சுமந்தாள். மழையை மட்டுமே நம்பி விளைகிற இந்தக் கரிசல் காட்டில், உளுந்துக்குக் குடத்தால் தண்ணீர் ஊற்றிய ஒரே ஆள் என் சித்தியாகத்தான் இருக்கும்.

அப்போது நான் கோவில்பட்டியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊருக்கு மேற்கே அந்த நகரத்தின் குப்பைக் கிடங்கு. அது நிறைந்துவிட்டது, விரிவாக்க வேண்டும் என்றார்கள். விரிந்தால் முதலில் போவது அதை ஒட்டிக் கிடந்த சித்தியின் பிஞ்சை. தாத்தா காலத்திலிருந்து உழுது வருகிற நிலம்தான். ஆனால் புறம்போக்கு, பட்டா கிடையாது. ஊரே குப்பை வண்டிகளை மறித்து ரோட்டில் உட்கார்ந்தது. நான் சும்மா இருப்பேனா? வாட்ஸ்அப் குழு தொடங்கினேன், வீடியோ எடுத்தேன், யார் யாருக்கோ அனுப்பினேன். சித்தி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, ஒன் போனுக்குள்ள இவ்வளவு எடம் கெடக்கே, குப்பைய அதுல கொட்டச் சொல்லேன்" என்றாள். மறியலில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

கடைசியில் ஒரு சமாதானம் பேசினார்கள். அதிகாரி நேரில் வருவார். பயிர் நிற்கிற நிலமென்றால் தொடமாட்டோம், வெறும் தரிசென்றால் எடுத்துக்கொள்வோம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அது சித்திரை மாதம். புரட்டாசியில் விதைத்து மாசிக்குள் அறுத்துவிட்டால், அப்புறம் கரிசல் முழுக்க மொட்டையாகத்தான் கிடக்கும். பயிருக்கு எங்கே போவது?

அந்த வாரமே கோடைமழை அடித்துப் பெய்தது. விதைக்கு வைத்திருந்த உளுந்தோடு சித்தி பிஞ்சையில் இறங்கிவிட்டாள். பக்கத்துப் பிஞ்சைக்காரர், "என்ன தாயி, கோடையில வெதைக்க? ஆபீசருக்கு உளுந்தவடை சுட்டுப் போடவா?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி. அவிய பாத்துட்டுப் போகட்டும், ஒங்களுக்கும் ரெண்டு தாரேன்."

முளைத்தேவிட்டது! குப்பை மேட்டுப் புகைக்குக் கீழே அப்படியொரு பச்சை. ஜெயித்துவிட்டோம் என்று குழுவில் எழுதினேன்.

அதிகாரி வரவில்லை. நாளைக்கு, அடுத்த வாரம், அய்யா கூட்டத்தில் இருக்கிறார். நான் அனுப்பிய படங்கள் செல்லாதாம், நேரில்தான் பார்ப்பாராம். வெயில் ஏறியது. மேற்கேயிருந்து வந்த காற்று கேரிபேக்குகளைக் கொண்டுவந்து செடிகள்மேல் போர்த்தியது. சித்தி குடம் சுமந்தாள். ஊற்றிய தண்ணீர் வெடிப்புக்குள் இறங்கிக் காணாமல் போனது. போதும் சித்தி என்றேன். "அவிய வாரவரைக்கும் ஒரு பாத்தி நின்னாப் போதும்ட்டி" என்றாள்.

ஒரு பாத்தியும் நிற்கவில்லை. அதிகாரி வந்த அன்று அங்கே இருந்தது கருகிய சருகும், கால் நுழைகிற வெடிப்பும்தான். மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு ஜீப் பக்கத்திலேயே நின்று பார்த்தார்.

"தரிசுதானேம்மா இது?"

"அய்யா, இது கரிசல்யா. தரிசு இல்ல. பொரட்டாசியில வந்து பாருங்கய்யா."

"சரிம்மா" என்றார். குரலில் கோபம் இல்லை, ஏளனமும் இல்லை. திட்டியிருந்தால்கூடத் திருப்பிச் சண்டை போட்டிருப்போம். ஜீப் போய்விட்டது. புரட்டாசிக்கு முன்பே வேலி வந்துவிட்டது.

சித்தி இப்போது கோவில்பட்டியில் வாடகை வீட்டில் இருக்கிறாள், தீப்பெட்டி ஆபீசில் வேலை. நான் இன்னும் மனு எழுதுகிறேன், இப்போது வேறு வேறு ஊர்க் கிடங்குகளுக்காக. அதில் ஒன்றாவது ஒரு வண்டியை நிறுத்தியதாக நினைவில்லை. போன மாதம் அவள் வீட்டில் இருந்தபோது, காலையில் தெருவில் குப்பை வண்டி விசிலடித்தது. விரிசல் அடிவரைக்கும் ஓடிவிட்ட அந்த மஞ்சள் குடத்தை எடுத்துக்கொண்டு சித்தி வாசலுக்குப் போனாள். இதைப் போய்ப் போடணுமா என்று கேட்டேன்.

"இருந்தா என்ன, போனா என்னட்டி? நம்ம பிஞ்சைக்குத்தான போகுது. அதுக்கு வழி தெரியும்."

வண்டி முக்குத் திரும்புகிற வரைக்கும் வாசலிலேயே நின்றாள்.