கோட்டுக்கு மேலே ஓர் அறை

தக்காளிக்கு விலை இல்லாமல் பாலக்கோடு ரோட்டோரம் கூடை கூடையாகக் கொட்டிவிட்டுப் போனார்களே, அந்த வருஷம். கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தங்க இடம் போதாமல் ஊரில் மாட்டுக்கொட்டகையைக்கூட வெள்ளையடித்து வாடகைக்கு விட்டார்கள். சவரியம்மாக்கா வீட்டு மொட்டைமாடியில் நான் அறை கட்டியது அப்போதுதான். அதே அறையில் போன செவ்வாய் காலை அக்கா இறந்துகிடந்தார். கீழே குடியிருக்கும் கண்மணி வந்து சொன்னாள்: "மேஸ்திரி தாத்தா, ஆயா கண்ணு ஜன்னலப் பாத்தே இருக்குதுங்க. கூப்டா பேச்சில்ல."

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். அந்த வீட்டில் தங்கிப் படித்த பிள்ளைகள் உங்கள் எல்லோருக்கும் இது போய்ச் சேர வேண்டும்.

கீழே ஓர் அறையில் ஆறு பேர் நெருக்கிப் படுத்தபோதும் அக்கா மேல் அறையை உங்களுக்குத் தரவில்லை. "ஆயா, மேல நீ ஒருத்திதான, ரெண்டு பேரு படுத்துக்கறோம்" என்று கேட்டால், "வுழுந்தா எம்மேல வுழுவட்டும். உங்காத்தாளுக்கு நான் பதில் சொல்ல முடியாது" என்பார். எது விழும் என்று உங்களுக்குச் சொன்னதில்லை.

ஏரிக்கு அந்தப் பக்கம் விமானம் ஓட்டப் பழகும் ஓடுதளம். இறங்கும் பாதை அக்கா வீட்டுக்கு நேர் மேலே. அறை கட்டுமுன் ஆபீசர்கள் வந்து, வாசலில் கம்பம் நட்டு, உச்சியில் சிவப்புக் கோடு போட்டு, "கோடு வரைக்கும் கட்டிக்கலாம்மா" என்று சொல்லிப் போனார்கள். கம்பத்தின் கீழே தகரத்தில் ஏதோ எழுதியிருந்தது. எங்கள் தொழிலில் கோடு என்றால் சுவருக்கு. கூரைத் தளம் அதன்மேல் உட்காரும். தண்ணீர்க் குழாய் பிடித்து மட்டம் பார்த்து, நூல் பிசகாமல் சுவரைக் கோட்டில் நிறுத்தினேன். அதற்கு மேல் தளம், கைப்பிடிச்சுவர், தண்ணீர்த் தொட்டி.

தகரத்தைப் படித்துச் சொன்னவள் நிவேதா. கீழே தங்கி, அதே ஓடுதளத்தில் விமானம் ஓட்டப் பழகியவள். மேல் அறை அவளுக்கென்று பேசிவைத்தது. "தாத்தா, தொட்டியெல்லாம் சேத்து கோட்டுக்குக் கீழ இருக்கணுமாம். நான் எறங்கறப்ப முட்டிட்டு வரட்டுமா?" என்று சிரித்தாள்.

அக்கா சிரிக்கவில்லை. "எப்ப எறக்குவீங்க மேஸ்திரி?"

"ஞாயித்துக்கெழமை ஆளு வருதுங்க்கா" என்றேன்.

வெள்ளிக்கிழமை விடியலில் மூடுபனி. நாலு விமானம் போனது. மூன்று வந்தது. நிவேதாவுடையது ஏரிக்குள் கிடந்தது. தொட்டியில் கீறல்கூட இல்லை. பனிதான் காரணம் என்று எழுதிக்கொண்டார்கள். தொட்டியைப் பார்த்து அவள் ஒதுங்கினாளா, யாருக்குத் தெரியும்? வீட்டு உயரம் ஏன் கூடியது என்று ஆபீசர்கள் கேட்டபோது நான் வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "நான்தானுங்க ஏத்தச் சொன்னேன். மேஸ்திரி வேணாம்னுதான் சொன்னாரு."

அதையும் அப்படியே எழுதிக்கொள்ள விட்டேன்.

தொட்டியையும் கைப்பிடிச்சுவரையும் இடித்து இறக்கினேன். தளம் மட்டும் ஒரு சாண் கோட்டுக்கு மேலே நின்றுவிட்டது. அதன் கீழேதான் அக்கா படுக்க ஆரம்பித்தார். ஒருநாள் டீயை ஆற்றிக்கொண்டே, பால்காரன் வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்: "நாலு போச்சுங்க மேஸ்திரி. அஞ்சு வந்துச்சு."

"காது பாக்கணுங்க்கா."

"பாத்துட்டேன். காது நல்லாத்தான் இருக்குதாம். அந்தக் கடைசி வண்டி மட்டும் எறங்கறதில்ல."

அடக்கம் முடிந்த மறுநாள் விடியலில் மேலே போய் உட்கார்ந்தேன். நாலு போனது. நாலு வந்தது. கதவைச் சாத்தக் கை வைத்தபோது ஐந்தாவது கேட்டது. வானத்தில் ஒன்றும் இல்லை. சத்தம் மட்டும் நேராக வந்து, தொட்டி இருந்த மூலையில் சட்டென்று ஒதுங்கி, ஏரிப் பக்கம் போய் அடங்கியது.

வரும் ஜூனில் மேல் அறையையும் பிள்ளைகளுக்கு விடப்போவதாக அக்காவின் மகன் என்னிடமிருந்த சாவியைக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியது அந்தச் சாவியும், அன்று எனக்காக அவர் சொன்ன பொய்யும்தான். சாவியை வைத்துக்கொள்கிறேன். பொய்யைத் திருப்பிக் கொடுக்கிறேன். கோட்டைத் தாண்டியது அக்கா இல்லை. ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்ததும் அக்கா இல்லை. இது தெரிந்தவர்கள் மூன்று பேர். நிவேதா போனாள். சவரியம்மாக்கா போனார். மிச்சம் இருப்பது அந்த அறையைக் கட்டிய மேஸ்திரி முனியப்பன்.