இராஜேஸ்வரி அக்காவின் மலிவுத் துவக்கு

போர்க்காலத்தில் துவக்கு வெடிக்கும் சத்தத்துக்குப் பயந்து சொந்த ஊரான சுன்னாகத்தை விட்டு ஓடிவந்த ஒருவர், முப்பது வருடம் கழித்து ஜெர்மனியில் தன் கைக்காசைக் கொடுத்துத் துவக்கு வாங்கினார் என்றால் யார் நம்புவார்கள்? இராஜேஸ்வரி அக்கா வாங்கினார். அதுவும் இருந்ததிலேயே மலிவானதை.

ஸ்டுட்கார்ட்டின் வடக்கு ஓரத்தில், ட்ராம் திரும்பும் இடத்தில் அவருடைய கடை. முன்பக்கம் முருங்கைக்காயும் கருவாடும் மா வகைகளும்; ஒரு சுவர் முழுக்கச் சேலை; பின்னால் சின்னக் குசினி. அங்கே சுடும் வடைக்காகவே சனிக்கிழமை பின்னேரம் சனம் வரும். அதற்கு முன் நெடுங்காலம் அக்கா கந்தோர்களைக் கூட்டித் துடைத்தவர். உத்தியோகத்தர் எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு உள்ளே போய், எல்லாரும் வருமுன் வெளியே வந்துவிடும் வேலை. அங்கே அவருக்கு முகமும் இல்லை, பெயரும் இல்லை. கடை திறந்த பிறகுதான் இந்த ஊரில் ஆட்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

அந்தக் கடைக்குள் ஒரு மத்தியானம் முகத்தை மூடிய இருவர் புகுந்து, அவருடைய தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு போனார்கள். தமிழ்ப் பெண்களின் கழுத்தில் பவுன் கிடக்கும் என்று கள்ளனுக்கும் தெரியும். கழுத்துக் காயம் ஆறியது. கதவு மணி அடிக்கும்போதெல்லாம் நெஞ்சு திடுக்கிடுவது ஆறவில்லை. கணவர் ஸ்ரீதரன் தபால் வண்டி ஓட்டுபவர், எதற்கும் பயப்படும் நல்ல மனிதர். கடையைப் பூட்டிவிடச் சொல்லி நச்சரிக்கத் தொடங்கினார்.

“கடையைப் பூட்டிப்போட்டு நான் என்னெண்டு இருக்கிறது? என்னால ஏலாது,” என்றார் அக்கா. அந்த நச்சரிப்பை நிறுத்தத்தான் துவக்கு.

குண்டு போகிற துவக்கு அல்ல. பெரிய சத்தமும் கண்ணெரிக்கும் வாயுவும் மட்டும் வரும் பிஸ்டல். பதினெட்டு வயது தாண்டிய எவரும் வாங்கித் தன் கடைக்குள் வைத்திருக்கலாம். தெருவில் கொண்டு திரியத்தான் அனுமதி வேண்டும். விற்றவர் நேர்மையான மனிதர். மலிவானவை மட்டமான வார்ப்பு, தோட்டா சிக்கும், அவசரத்துக்கு நம்ப முடியாது என்றார். ரிவால்வர் என்றால் ஒன்று வெடிக்காவிட்டாலும் அடுத்தது சுழன்று வரும் என்றார். சின்னக் கடைக்குள் எதைச் சுட்டாலும் உங்கள் கண்ணும் சேர்ந்தே எரியும், முகத்துக்குக் கிட்டப் பிடித்துச் சுட்டால் எதிரில் நிற்பவரின் பார்வையே போய்விடும் என்றும் எச்சரித்தார். அக்கா கத்தரிக்காய் தெரிந்தெடுப்பது போல ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்த்துவிட்டு, மலிவானதையே காட்டினார். வெருட்டத்தானே, அதற்கு இது காணும் என்பது அவர் நினைப்பு. துவக்குத் துடைக்கவென்று கொடுத்த தூரிகையால் தராசின் இடுக்குகளைத் துடைத்தார். அதற்கு அது வலு திறம்.

ஒரு தரமாவது சுட்டுப் பார்த்தாயிற்றா என்று ஸ்ரீதரன் கேட்டார். சத்தம் கேட்டால் அயல்வீட்டுக்காரர் பொலிசைக் கூப்பிடுவார் என்று சொல்லி அக்கா அவர் வாயை அடைத்துவிட்டார்.

நவராத்திரி வந்தது. ஆயுத பூசைக்குத் தராசு, மீன் வெட்டும் கத்தி, காசு மெசின், வடைச்சட்டி எல்லாம் கழுவித் துடைத்துப் பூசைப் படியில் பரப்பியாயிற்று. ஆயுதம் என்று உண்மையாகவே கடையில் இருந்த ஒன்றை மட்டும் எப்படி விடுவது? பிஸ்டலும் படியேறியது. மற்றவைக்கு ஒவ்வொரு பொட்டு. புதிதாக வந்ததற்குக் கொஞ்சம் உபசாரம் கூட. சந்தனத்தைத் தண்ணீராய்க் குழைத்து மேலும் கீழும் விசையடியிலும் அப்பி, குங்குமம் வைத்து, தீர்த்தமும் தெளித்தார். பூசைச் சந்தனத்தைத் துடைத்தெறியும் வழக்கம் நம்மவர்களிடம் இல்லை. தானாக உதிரட்டும் என்று விட்டுவிடுவோம். விஜயதசமி முடிந்ததும் பிஸ்டல் அந்தக் கோலத்திலேயே மேசை லாச்சிக்குள் போனது.

கார்த்திகை மாதத்தில் ஒரு பின்னேரம், தூறிக்கொண்டிருந்தது. அக்கா அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்துவிட்டு, சேலைகளில் வடை மணம் ஏறக்கூடாதென்று வழக்கம்போலக் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு முன்னுக்கு வந்தார். அந்த நேரம் பார்த்து அம்பிகா என்ற வாடிக்கைக்காரி தொலைபேசியில் வந்தாள். மகள் பெரியவளாகிவிட்டாள், சாமத்திய வீட்டுக்குச் சேலை வேண்டும், என்ன நிறம் இருக்கிறது என்று தொடங்கிய பேச்சு நீண்டது. அக்காவுக்கு எண்ணெய் மறந்தே போனது. சளியில் மூக்கும் அடைத்திருந்தது.

தொலைபேசியை வைத்த கையோடு கதவு மணி அடித்தது. உச்சி முதல் உள்ளங்கால் வரை கறுப்பு உடுத்த ஒருவர், கழுத்துத் துணியை மூக்குவரை இழுத்துவிட்டபடி, எதையோ கத்திக்கொண்டு மேசையைச் சுற்றி ஓடிவந்தார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அக்காவின் காதில் ஒன்றும் ஏறவில்லை. லாச்சியை இழுத்துத் துவக்கை எடுத்து, அவர் முகத்துக்கு நேரே பிடித்து விசையை அழுத்தினார். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அழுத்தினார். அப்போதும் அசையவில்லை.

வந்தவர் அவர் கையை விலக்கிவிட்டு, நேரே போய்க் குசினிக் கதவைத் திறந்தார். புகை கடைக்குள் பாய்ந்தது. உள்ளே சட்டி தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தது. அவர் பெரிய மூடியொன்றைத் தூக்கிச் சட்டியை மூடி, அடுப்பை நிறுத்தி, அக்காவைத் தெருவுக்கு இழுத்துவந்தார்.

அவர் பெயர் எக்கர்ட், அந்த வட்டாரத்துப் புகைக்கூண்டுகளைத் துடைத்துப் பார்க்கும் உத்தியோகக்காரர்; வருடத்துக்கொரு தரம் இந்தக் கட்டடத்துக்கும் வருபவர். அடுத்த வீட்டில் வேலை முடித்து முற்றத்தில் இறங்கியபோது குசினி யன்னலில் புகையைக் கண்டு ஓடிவந்தவர். அந்தக் கட்டடத்தின் மேல்மாடிகளில் பிள்ளை குட்டியோடு குடும்பங்கள் இருந்தன. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது; ஒரு குசினிச் சுவர் கருகியதோடு சரி.

செய்தி கேட்டு ஓடிவந்த ஸ்ரீதரனிடம் எக்கர்ட் ஒரு வார்த்தை சொன்னார். உங்கள் மனைவிக்கு நிதானம் அதிகம், கையில் துவக்கு இருந்தும் கடைசி நொடியில் என்னை அடையாளம் கண்டு சுடாமல் விட்டார் என்றார். ஸ்ரீதரனுக்குப் பெருமை தாங்கவில்லை. தெரிந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். இவ்வளவு நிதானம் உள்ளவர் கடையை நடத்தட்டும் என்று தன் பழைய பேச்சையும் விட்டுவிட்டார். அக்காவுக்குத்தான் இக்கட்டு. உண்மையைச் சொன்னால் கடை போய்விடும். சொல்லாமல் சோறும் இறங்கவில்லை.

அடுத்த நாளே பிஸ்டலைப் பெட்டியில் பூட்டி, வாங்கிய இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். விற்பனையாளர் கழற்றிப் பார்த்து, விசைக்குப் பின்னால் இறுகிக் கிடந்ததை ஊசியால் தோண்டி எடுத்தார். அக்கா பூசை செய்த கதையைச் சொன்னார். இந்தப் பசையாகவும் இருக்கலாம், பசை இல்லாமலே சிக்கியும் இருக்கலாம், இந்த மாதிரியில் இரண்டும் நடக்கும் என்றார் அவர். எதுவாக இருந்தாலும் சரி, அதற்குக் கோடி நன்றி என்று அக்கா கடைக்குள்ளேயே கைகூப்பினார். துவக்கைத் திரும்ப எடுக்கவில்லை.

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கடை மறுபடி திறந்தது. எக்கர்டையும் அழைத்திருந்தார்கள். பொன்னிறப் பொத்தான்கள் வைத்த கறுப்புக் கோட்டோடு வந்தார். புகைக்கூண்டுக்காரரின் பொத்தானைத் தொட்டால் அதிர்ஷ்டம் வரும் என்பது இந்த நாட்டு நம்பிக்கை. நம்மவர்கள் விடுவார்களா? கோயிலில் விபூதிக்கு நிற்பதுபோல வரிசையாக நின்று தொட்டார்கள். மனிதர் கூச்சத்தோடு சிரித்துக்கொண்டு, அக்காவின் நிதானத்தை எல்லாருக்கும் முன்னால் மறுபடி புகழத் தொடங்கினார்.

அக்காவால் பொறுக்க முடியவில்லை. எக்கர்டுக்கு டொச்சு மொழியில் உண்மையைச் சொன்னார். பிறகு கணவர் பக்கம் திரும்பித் தமிழிலும் சொன்னார்.

“நான் நிதானிக்கேல்லை. ரெண்டு தரம் அமத்தினனான். துவக்கு வேலை செய்யேல்லை, அவ்வளவுதான். அதாலதான் இந்த மனுசன்ர கண் இருக்கு.”

எக்கர்ட் ஒரு கையால் தன் கண்களைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு அக்காவுக்குக் கிட்ட வந்தார். “வாழ்நாள் முழுக்க ஊர்தான் என்னைத் தொட்டது. இன்றைக்கு நான் உங்களைத் தொட வேண்டும்,” என்று சொல்லி, அவருடைய வலதுகையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அக்கா எல்லாருக்கும் முன்னால் அழுதார். இந்த நாட்டில் தனக்குக் கிடைத்த எல்லா நல்லதும் அந்தக் கைகளுக்குள் இருப்பதாக அவருக்குப் பட்டது.

ஸ்ரீதரன் கோட்டைக் கழற்றிக் கொழுவிவிட்டுக் குசினிப் பக்கம் நடந்தார்.

“நீர் முன்னுக்கு நில்லும்,” என்றார். “எண்ணெயை நான் பாக்கிறன்.”