வெதுவெதுப்பான சலவைக்கல்

மல்லாபூர் கடையில் ஒரு வெள்ளைப் பலகையின் மேல் உள்ளங்கையை வைக்கச் சொன்னார் விற்பனையாளர். அசல் சலவைக்கல் குளிர்ந்தே இருக்குமாம். போலி சீக்கிரம் சூடாகிவிடுமாம். இது குளிர்ந்தே இருந்தது. எனக்கு வசந்தா ஆன்ட்டியின் வீடு நினைவுக்கு வந்தது.

காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் அது எங்கள் எதிர்வீடு. இறந்துபோன மகள் சுமியின் முகத்தை வெள்ளைக் கல்லில் செதுக்கி வாங்கி, ஜன்னலோரம் வைத்திருந்தார்கள். அதன் கன்னம் சுடுகிறது, சுமி உள்ளே இருக்கிறாள் என்று சொல்லி, மாற்றலான கணவருடன் கிளம்ப மறுத்தார் ஆன்ட்டி.

"பிளாஸ்டிக் கலந்த போலியா இருக்கும் சார், அதான் சூடு. நீங்க சொன்னா நம்புவா," என்றார் அவர் கணவர், ஆய்வகத்தில் வேலை பார்த்த அப்பாவிடம்.

அப்பா எலுமிச்சம்பழத்தோடு போனார். நானும் போனேன். டிசம்பர் காலை, வெயில் இன்னும் வரவில்லை. ஆன்ட்டி வாசலிலேயே நின்றுவிட்டார். சிலையின் அடியில் கத்தியால் சுரண்டி, சாற்றைப் பிழிந்தார் அப்பா. போலியாக இருந்தால் ஒன்றும் ஆகாது என்று வழியில் சொல்லியிருந்தார். பொடிப்பொடியாக நுரை கிளம்பியது. துடைத்துவிட்டுக் கன்னத்தைத் தொட்டவர், சுட்டதுபோல் கையை உடனே எடுத்துக்கொண்டார்.

"என்ன சார்?" என்றார் ஆன்ட்டி.

"போலிதாம்மா. வெறும் பிளாஸ்டிக்."

ஆன்ட்டி வெகுநேரம் அழுதார். மறுவாரம் கிளம்பினார்கள். போலியை எதற்குச் சுமப்பது என்று சிலையை அங்கேயே விட்டுவிட்டார்கள்.

பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து அது எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. கோடை வந்தும், அந்த வீட்டைப் பார்த்த எங்கள் ஜன்னலை அப்பா திறக்க விடவில்லை.