ஒரே இடத்தில் காயம்

கடைவீதியில் அவளுக்கு லென்ஸ்காரி என்றுதான் பெயர். பழைய நாணயக் கடையின் பின்னறையில், ரோமப் பேரரசின் கடைசிக் காலத்துப் பொற்காசுகளைத் தரம் பிரிப்பது அவள் வேலை. எந்த அரசன், எந்த ஊர் நாணயச்சாலை, அடித்த காசா வார்த்த காசா எல்லாம் அவளுக்கு அத்துப்படி. வாய்தான் நிற்காது. காசைப் பற்றி ஒன்று கேட்டால் ஒன்பது சொல்வாள்.

இடது புருவத்தின் மேல் அவளுக்கு ஒரு கோணல் தழும்பு உண்டு. அப்பனுடைய பெல்ட்டின் இரும்புக் கொக்கி செய்த வேலை. அவளையும் அண்ணனையும் சேர்த்து நிற்க வைத்து, "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்று பழமொழி வேறு சொல்லி விளாசுவான் அந்த மனுஷன். அண்ணன் விஷயத்தில் அந்தப் பழமொழி பொய்க்கவே இல்லை.

அன்று காலை அண்ணன் நான்கு பொற்காசுகளோடு பின்னறைக்கு வந்தான். அவள் லென்ஸை வைத்துப் பார்த்தாள்.

"மூணு வார்ப்பு. இது ஒண்ணுதான் அசல். இதை வச்சே அச்சு எடுத்திருக்கே."

"நாலும் அசல்னு, இதை வாங்கப்போற மரவாடிக்காரர் முன்னாடி சொல்லணும். அங்க நீ யாரோ, நான் யாரோ."

"மாட்டேண்ணே."

அவன் அவளுடைய இடது கையைப் பிடித்து மேஜை டிராயருக்குள் திணித்து, முழங்காலால் ஓங்கி அடைத்தான். மூன்று விரல்கள் நசுங்கின. "அடுத்தது வலது கை" என்றான். வலது கை போனால் தராசு பிடிக்க முடியாது, பிழைப்பும் போய்விடும். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு கிளம்பினாள்.

மரவாடி அலுவலக அறை முழுக்க மரத்தூள். வாசலில் இரண்டு தடியர்கள். மரவாடிக்காரரின் மேஜையில் ஒரு சுத்தியல் கிடந்தது. அவள் காசுகளை எடை போட்டாள், திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் தோளில் ஈட்டி சாய்த்த அரசன், மறுபக்கம் சிறகு முளைத்த வெற்றித் தேவதை. நான்கு அரசர்களின் கன்னத்திலும், அதே இடத்தில், லென்ஸில் மட்டும் தெரியும் மயிரிழைக் கீறல்.

"நாலும் அசல்தாங்கய்யா" என்றாள். ஓரமாக, யாரோ போல நின்றிருந்த அண்ணன் நிம்மதியாக மூச்சு விட்டான்.

"போலின்னா எப்படிம்மா கண்டுபிடிப்பே?" என்று மரவாடிக்காரர் சும்மாதான் கேட்டார்.

நுணலும் தன் வாயால் கெடும். "காயத்தைப் பார்க்கணுங்கய்யா. புழங்குற காசுல ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு இடத்துல அடி பட்டிருக்கும். ரெண்டு காசுல ஒரே இடத்துல ஒரே காயம் இருந்தா, ஒண்ணைப் பார்த்து ஒண்ணை வார்த்திருக்காங்கன்னு அர்த்தம்." லென்ஸ் இல்லாமல் அந்தக் கீறல் அவர் கண்ணுக்குத் தெரியாது என்ற தைரியம் அவளுக்கு.

அவர் காசைப் பார்க்கவே இல்லை. அவள் புருவத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் திருப்பி அண்ணன் புருவத்தைப் பார்த்தார். அங்கேயும், அதே இடத்தில், அதே கோணல் தழும்பு.

"கூடப் பொறந்தவனா?"

அவள் கை தானாகத் தன் புருவத்தை மறைத்தது. தடியர்கள் அண்ணனை இழுத்து மேஜை விளிம்பில் முகத்தை மோதினார்கள். பல் தெறித்தது. வயிற்றில் உதை விழுந்தது. மரத்தூளில் ரத்தம் கொட்டியது.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கய்யா! இவதான் வார்த்தா! இவ கையை ஒடிங்க!" என்று அலறினான் அவன்.

மரவாடிக்காரர் அவன் கையை மேஜையில் விரித்து அழுத்தினார். மறு கையில் சுத்தியலை எடுத்தார்.

"எத்தனை போலிம்மா? ஒரு போலிக்கு ஒரு விரல். நீ சொல்றதுதான் கணக்கு."

"தங்கச்சி..." என்றான் அண்ணன். அந்த வார்த்தை அவன் வாயில் வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஒன்று என்று சொன்னால் ஒரு விரலோடு போகும். அவளுக்கு அழுகை வந்தது. அதோடு ஒரு சந்தோஷமும் வந்தது, அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அப்பனுக்கும் பெல்ட்டை உருவும்போது இப்படித்தான் இருந்திருக்குமோ?

அசல் காசைத் தனியாக நகர்த்தி வைத்தாள். இடது கையில் சுற்றிய துணியை அவிழ்த்து, கறுத்து வீங்கிய விரல்களைப் பார்த்தாள்.

"மூணுங்கய்யா" என்றாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது.