நனைந்துபோன நாற்பத்திரண்டு தாள்கள்

முருகனை நம்பியிருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம். கோயில் கூட்டத்தில் எழுந்து நின்று பேச எனக்கு வராது. அதனால் எழுதித் தருகிறேன்.

நடுவட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்கிறேன். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. என் மனைவி சாந்தாமணி உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். மகள் கல்யாணமாகித் திருப்பூர் போன அதே வருடம், பள்ளியில் பிளஸ் டூ வரப்போகிறது என்ற பேச்சு வந்தது. அந்த வகுப்புக்குக் கணக்கு எடுக்க எம்.எஸ்ஸி. வேண்டும். நாற்பத்து நாலு வயதில் அவள் தபால் வழியில் சேர்ந்தாள்.

அதோடு வீட்டில் பேச்சு நின்றுபோனது. சண்டை ஒன்றும் இல்லை. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் கோவைக்கு வகுப்புக்குப் போவாள். தங்கை வீட்டில் தங்கிவிட்டு ஞாயிறு சாயங்காலம் வருவாள். மற்ற நாட்களில் பள்ளி விட்டதும் நோட்டைத் திறந்துவிடுவாள். நான் எதிரில் உட்கார்ந்திருப்பேன். எட்டிப் பார்த்தால் எண்கள்கூட இருக்காது, எழுத்தும் வளைவுமாக இருக்கும். என்னவென்று கேட்கக் கூச்சம். "சாப்டீங்களா?" என்பாள். "ஆச்சு" என்பேன். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் நான் தனியாக இருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை எஸ்டேட் கோயிலில் முருகன் முன்னால் நின்று ஒன்று வேண்டினேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. "அவள் பெயிலாகட்டும், இந்தப் படிப்பு நிற்கட்டும்" என்று வேண்டினேன்.

ஆடி மாதம். நாலு நாளாக விடாத மழை. சாந்தாமணி ஆறு மாதமாகக் கையால் எழுதிய புராஜெக்ட் மேஜைமேல் இருந்தது. திங்கட்கிழமை ஊட்டியில் இருக்கும் படிப்பு மையத்தில் ஒப்படைக்கக் கடைசி நாள். தவறினால் ஒரு வருடம் போய்விடும். மேஜைக்கு மேலே கூரைத் தகடு ஆடுகிறது, ஆணி அடியுங்கள் என்று மூன்று தடவை சொல்லியிருந்தாள். நான் அடிக்கவில்லை.

ஞாயிறு காலை, அவள் கோவையில் இருந்தபோது, நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் தகடு விலகிவிட்டது. நாற்பத்திரண்டு தாளும் ஊறிக் கிடந்தன. என் கெட்ட வேண்டுதல் பலித்துவிட்டது என்று நினைத்தேன்.

பால்பாயிண்ட் பேனா என்பதால் எழுத்து கரையவில்லை. தாள்கட்டைத் தூக்கிக்கொண்டு ஃபேக்டரிக்கு ஓடினேன். பச்சிலை வாட்டும் நீளத் தொட்டி அன்று காலியாக இருந்தது. அதன் அடியிலிருந்து பெரிய ஃபேன் சூடான காற்றை ஊதும். தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கரிடம் கேட்டுக்கொண்டு, கயிற்றை அவிழ்த்து, தாள்களை வரிசையாகத் தொட்டியின் கம்பிவலைமேல் பரப்பினேன்.

காவலுக்கு இருந்த துரைசாமி சிரித்தான். "ஏனுங்க, இன்னைக்குக் கணக்குத் தூளா அரைக்கறீங்க? எனக்கும் கால் கிலோ குடுங்க, என்ற பையன் அதுலதான் மக்கு!"

நான் செய்த தவறு இதுதான். இலை வாடினாலும் பறக்காது. இருபது வருடமாக அதைத்தான் பார்த்திருக்கிறேன். தாள் காய்ந்தால் பறக்கும் என்று தோன்றவே இல்லை. டீ குடித்துவிட்டு வருவதற்குள் எல்லாம் தரையெங்கும் கிடந்தன. பொறுக்கி எடுத்தேன். பக்க எண் ஒன்றிலும் இல்லை. கடைசியில் போடலாம் என்று விட்டிருந்தாள்.

தொட்டி ஓரமாகத் தரையில் உட்கார்ந்து அழுதேன். "முருகா, நான் கேட்டது தப்பு. அவள் உழைப்பைக் காப்பாற்று. எனக்கு இந்தக் கணக்குத் தெரியாது, உனக்குத் தெரியும்" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது, கையிலிருந்த தாளின் கடைசி வரியும் தரையில் கிடந்த தாளின் முதல் வரியும் ஒன்றாக இருந்தன. அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முன்பு அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். கரும்பலகையை அழித்ததும் பழைய கடைசி வரியைத்தான் முதலில் மறுபடி எழுதுவாள். பின்பெஞ்சுப் பிள்ளைகள் விட்டுவிடக் கூடாது என்று அவளுக்கு அப்படி ஒரு பழக்கம். தாளிலும் அதையே செய்திருந்தாள்.

ஒவ்வொரு வரியையும் படம் பார்ப்பதுபோலப் பார்த்துச் சேர்த்தேன். முடிக்க நாலு மணி ஆனது.

சாயங்காலம் அவள் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். நான் கதவோரம் நின்றேன்.

"ஆருங்க அடுக்குனது?"

"நாந்தான், சாந்தா."

"ஒண்ணுகூட மாறலைங்க." முதல் தாளை என் பக்கம் திருப்பினாள். "இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமுங்களா?"

"தெரியாது."

"அங்கியே நின்னா எப்படி? இப்படி வந்து உக்காருங்க. சொல்றேன்."

சொன்னாள். பாதிக்கு மேல் புரியவில்லை. ஆனால் ஒரு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் முதல் வேண்டுதலுக்கு அடியில் நான் கேட்டது அதுதான் என்று அப்போது புரிந்தது.

அவள் தேறிவிட்டாள். ரிசல்ட் வந்த அன்று என் கெட்ட வேண்டுதலையும் சொல்லிவிட்டேன். "பெயிலாக்கச் சொன்னீங்களா? அதான் ஒரு பேப்பர்ல தட்டுத்தடுமாறிப் பாஸானேனாட்ட இருக்குது!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

என்னைப்போல் வாய் திறந்து பேசத் தெரியாதவர்கள் இருப்பீர்கள். மனதில் இருப்பது அசிங்கமாக இருந்தாலும் முருகனிடம் அப்படியே சொல்லுங்கள். எதைத் தர வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

இப்போது அவள் பிளஸ் டூவுக்குப் பாடம் எடுக்கிறாள். சாயங்காலம் வீட்டில் எழுதும்போது நான் பக்கத்தில் இருப்பேன். தாளைத் திருப்புவதற்கு முன் கடைசி வரியை எனக்காக ஒருமுறை வாய்விட்டுப் படிப்பாள்.